இழப்பீடு கேட்டால் பிணத்தை வைத்துக் காசு பார்ப்பதாகிவிடுமா?

ஒரு பின்னூட்டத்தைப் படித்ததிலிருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. செப்சிஸ் என்ற தொற்றுச் சிக்கலால் மருத்துவமனையில் மனைவி இறந்ததற்கு இழப்பீடு கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போன ஒரு கணவரைப் பற்றிய செய்தியின் கீழே, 'மனைவி செத்ததை வைத்துக் காசு பார்க்கிறான்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு விருப்பக்குறி இட்டவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள்.

இழப்பீடு கேட்பது பேராசை அல்ல. சிகிச்சையின்போது என்ன நடந்தது என்று ஒரு மருத்துவமனையை வாய் திறக்க வைக்க, சாமானியனுக்கு வேறு நல்ல வழி இல்லை. மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாமே என்பீர்கள். அங்கே விசாரிப்பவர்களும் மருத்துவர்களே.

செப்சிஸில் நேரம்தான் எல்லாம். கிருமித் தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடல் நிலைதடுமாறித் தன் உறுப்புகளையே சிதைக்கத் தொடங்குகிறது. ரத்த அழுத்தம் சரிந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்கிறது 2021ஆம் ஆண்டின் சர்வதேச சிகிச்சை நெறிமுறை. அதற்கு முன்பே, எந்தக் கிருமி என்று கண்டறியும் கல்ச்சர் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டும்; கூடவே சலைனும் ஏற்ற வேண்டும். எந்தத் தாலுகா ஊரில் சலைனும் ஊசியும் இல்லை? நோயாளிக்கு எத்தனை மணிக்கு உடல் நடுங்கியது, முதல் ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது? இந்த இரண்டு நேரங்களைக் கேட்கத்தான் அந்தக் கணவர் ஆணையத்தின் படியேறினார்.

என் சித்திக்குச் சிறுநீரகக் கல் அடைத்துத் தொற்று ஏறியிருந்தது. இரவு உடல் தூக்கிப்போட்டது, பேச்சு குழறியது, சிறுநீர் குறைந்துபோனது. சித்தியின் மகள் நர்ஸிடம் திரும்பத் திரும்பப் போய்ச் சொன்னாள். காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டு, 'காலையில் பெரிய டாக்டர் வந்து பார்ப்பார்' என்றார்கள். காலையில் அவர் வந்தபோது சித்திக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. அவர் இறந்த பிறகு, சிகிச்சைப் பதிவேடான கேஸ் ஷீட்டின் நகல் கேட்டால், ரெக்கார்டு அறையில் ஆள் இல்லை என்று அலைக்கழித்தார்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சில் விதியே இருக்கிறது. கடைசியில் கிடைத்த நகலில், அந்த இரவுக்கான ரத்த அழுத்தக் கட்டங்கள் காலியாக இருந்தன.

'நல்ல சிகிச்சை கொடுத்தும் செப்சிஸில் இறப்பவர்கள் இருக்கிறார்களே?' இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதனால்தான் நோயாளி இறந்ததாலேயே மருத்துவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். சட்டம் ஏற்கெனவே அவர்கள் பக்கம் இவ்வளவு கவனமாக இருக்கிறது. பிறகு எதற்குப் பயம்?

'இப்படி வழக்குப் போட்டால் ஆபத்தான நோயாளிகளை யாரும் சேர்க்க மாட்டார்கள்' என்கிறார் இன்னொருவர். இது மிரட்டல். இதற்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

சுலபமாகப் பணம் வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குணால் சாஹா அமெரிக்காவில் வாழும் மருத்துவர். மனைவி அனுராதா 1998இல் இறந்தார். சிகிச்சையில் அலட்சியம் என்று அவர் போட்ட வழக்கில், ஏறத்தாழ 6 கோடி ரூபாய் தர வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2013இல்தான் வந்தது. மருத்துவம் படித்தவருக்கே இத்தனை ஆண்டுகள் என்றால் மளிகைக் கடையில் கணக்கு எழுதும் என் சித்தப்பாவுக்கு? கட்டணமே வாங்காத அரசு மருத்துவமனையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கோ நுகர்வோர் ஆணையத்தின் கதவே திறக்காது. 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அப்படி.

சித்தப்பா வழக்குப் போடவில்லை. சட்டம் தெரியாமல் அல்ல. காரியத்துக்கு வந்த உறவினர்கள் 'போன உயிர் திரும்பியா வரும், காசு வாங்கி என்ன செய்யப் போகிறாய்' என்று கேட்டார்கள். அந்தச் சொல்லுக்குக் கூசியே அவர் வாயடைத்துப் போனார். வழக்குப் போடுவதற்கான 2 ஆண்டுக் கெடுவும் கழிந்தது. அவர்கள் யாரும் அந்த மருத்துவமனையிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. மனைவியை இழந்தவனிடம் மட்டும் கேட்கத் தெரிந்தது. பல லட்சம் ரூபாய் பில்லைக் கட்டிய பிறகே உடலைக் கொடுத்தார்களே, அதை ஏன் யாரும் காசு பார்ப்பது என்று சொல்லவில்லை?

அந்தப் பின்னூட்டத்துக்கு விருப்பக்குறி இட்ட நண்பர்களே, அதை எடுத்துவிடுங்கள். எடுக்க மனமில்லாதவர்கள் என் நட்புப் பட்டியலிலிருந்து விலகிக்கொள்ளலாம்.