பீலிக்குள் முளைத்த அரசங்கன்று

நேற்று மருந்தெடுக்க எங்கட பக்கத்து அரச வைத்தியசாலை ஒன்றுக்குப் போயிருந்தேன். இலக்கம் வரும்வரை வாங்கில் இருந்து மேலே பார்த்தால் சீலிங்கில் தேத்தண்ணி நிறத்தில் பெரிய கறை. கட்டடப் பகுதியில் 25 வருசம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவனுக்கு அதற்குப் பிறகு இருப்புக் கொள்ளாது. வெளியே வந்து பார்த்தேன். கூரைத் தண்ணி வடிகிற பீலி நிறைய, கச்சான் காற்றுக்கு உதிர்ந்த வேப்பஞ்சருகு. அதற்குள் முழங்கை நீளத்துக்கு ஓர் அரசங்கன்று.

பீலி அடைத்தால் தண்ணி ஓட்டுக்குக் கீழால் திரும்பி வரும். முதலில் ஓடு தாங்குகிற சிலாகை ஊறும், பிறகு அதற்குக் கீழ் இருக்கிற கைமரம் உக்கும், சீலிங் இறங்கும், வயரிங்கில் ஈரம் ஏறும். ஓர் ஆள் அரைநாள் ஏறி நின்று அள்ளிப் போட்டால் முடிகிற வேலை, நாலைந்து வருசத்தில் ‘கூரை முழுவதும் மாற்ற வேண்டும்’ என்ற மதிப்பீடாக மேசைக்கு வரும். நானே அப்படி எத்தனை எழுதியிருக்கிறேன். நினைக்க இப்போதும் மனம் பொறுக்குதில்லை.

காசில்லை என்பார்கள். காசு வரும், வருகிற நேரம்தான் பிழை. ஜனவரியில் நிதியாண்டு தொடங்கினாலும் ஒதுக்கீடு, மதிப்பீடு, விலைமனு, கொந்தராத்து என்று கோப்பு ஓடி முடிய ஐப்பசி பிறந்துவிடும். டிசம்பர் 31க்குள் செலவழிக்காவிட்டால் அந்த ஒதுக்கீடு போச்சு. அதனால் மட்டக்களப்பில் மாரி கொட்டுகிற நேரம் பார்த்துத்தான் ஓடு பிரிப்பார்கள், ஈரச் சுவரில் பெயின்ற் அடிப்பார்கள். சித்திரை வருசத்துக்கு முன்னமே அது செதில் செதிலாக உரியும்.

அரசாங்க நிதிப் பிரமாணம் 756இன்படி வருசா வருசம் பொருட் கணக்கெடுப்பு நடக்கிறது. கதிரை, மேசை, ஃபேன் எல்லாம் எண்ணுகிறார்கள். கூரையில் ஏறிப் பார்த்த குழு ஒன்றை என் சேவைக்காலத்தில் நான் கண்டதில்லை.

கடலோரக் கட்டடங்கள் இன்னும் அவசரம். 2004 சுனாமிக்குப் பிறகு கல்லடி தொடங்கி கரை நெடுகக் கட்டியவை எத்தனையோ. உப்புக்காற்று கொங்கிறீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துருவேறிய கம்பி வீங்கிக் கொங்கிறீட்டைப் பிளக்கும். கம்பி நெடுக வெடிப்புத் தெரிந்த உடனே கொத்தி, துருவைச் சுரண்டி மூடினால் அது ஒரு மேசனின் வேலை. விட்டால் பீம், சிலாப் என்று போகும், பிள்ளைகள் இருக்கிற வகுப்பறையைப் பூட்ட வேண்டி வரும்.

இந்த மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள். பிரிவுக்கு ஒரு மேசன், ஒரு பிளம்பர், ஒரு எலெக்ரீசியன், ஒரு கூலியாள் போதும். ஆடியில் தொடங்கிப் புரட்டாதி முடிய பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கமநல நிலையம் என்று வரிசையாகப் போகட்டும். ஒழுகுகிற குழாயையும் அவர்களே பார்ப்பார்கள். திருத்தக் காசில் ஒரு சின்னப் பங்கை ஆனிக்கு முன்னம் நிலையப் பொறுப்பாளர் கையில் கொடுங்கள். களவு போகுமென்ற பயம் இருந்தால் பற்றுச்சீட்டைக் கேளுங்கள், கணக்காய்வு வரட்டும். காசைப் பிடித்து வைத்திருப்பது மட்டும் வேண்டாம்.

மருந்து எடுத்துக்கொண்டு வரும்போது பொறுப்பான தம்பியிடம் அந்தக் கன்றைக் காட்டினேன். “ஐயா, நாங்களும் கண்டனாங்க. ஏற ஏணி இல்லை” என்றார். ஞாயிற்றுக்கிழமை என்ர வீட்டு ஏணியைக் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறேன். மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறாராம்.