சரணடைந்தவர்களுக்கு எந்தக் கல்லில் இடம்?

ஸ்காட்லாந்தில் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் நாற்சந்தியிலோ தேவாலய வாசலிலோ ஒரு போர் நினைவுக்கல் நிற்கும். இருபது வீடு தேறாத ஊரிலும் பெயர்ப்பட்டியல் நீளமாக இருக்கும், ஒரே குடும்பப்பெயர் மூன்று நான்கு முறை வரும். எடின்பரோ கோட்டைக்குள் 1927இல் திறந்த தேசிய நினைவகத்தில் பெயர்களுக்கென்றே தடித்தடியான ஏடுகள். நவம்பர் வந்தால் போரில் இறந்தவர் நினைவாக எல்லோர் சட்டையிலும் பாப்பிப் பூ. இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் கற்கள் பெரும்பாலும் செத்தவர் கணக்கை மட்டும்தான் வைத்திருக்கின்றன. தோற்று, கைதியாகி, ஐந்து வருஷத்தைத் தொலைத்துவிட்டு உயிரோடு ஊர் திரும்பியவனுக்கு அவற்றில் இடமில்லை.

ஸ்காட்லாந்தில் அப்படி ஒருவர் இருவர் இல்லை. இரண்டாம் உலகப்போரில், 1940 ஜூன் 12 அன்று, பிரான்சின் செயின்ட் வலேரி என்ற சின்னத் துறைமுகத்தில் 51வது ஹைலண்ட் டிவிஷன் என்ற ஸ்காட்லாந்துப் படை ஜெர்மானியரிடம் சரணடைந்தபோது பத்தாயிரம் பேருக்கு மேல் பிடிபட்டார்கள். பிளாக் வாட்ச், சீஃபோர்த், கேமரன், கார்டன், ஆர்கைல் என்று படைப்பிரிவுகளின் பெயரிலேயே ஊரும் குலமும் தெரியும். பெரும்பாலும் டெரிட்டோரியல் ஆர்மி என்ற பகுதிநேரப் பட்டாளத்தில் சேர்ந்த உள்ளூர்ப் பையன்கள்: பண்ணையாள், மீனவன், கடைச் சிப்பந்தி. அதனால் அந்த ஒரு நாளில் சில பள்ளத்தாக்குகளில் வீட்டுக்கு வீடு ஆள் காணாமல் போனான்.

டன்கர்க் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிரெஞ்சுத் துறைமுகத்திலிருந்து மூன்று லட்சத்து முப்பத்தெட்டாயிரம் பேரைக் கடல் வழியாக மீட்ட கதை, ஜூன் 4ஆம் தேதி முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் 51வது டிவிஷன் டன்கர்க் பக்கமே இல்லை. பிரான்சின் ஜெர்மன் எல்லையில் இருந்த மாஜினோ கோட்டைவரிசையில் பிரெஞ்சுத் தளபதிகளின் கீழ் இருந்தவர்களை சோம் நதிக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். டன்கர்க்கில் கடைசிக் கப்பல்கள் கிளம்பிய அதே 4ஆம் தேதி இவர்கள் அபெவில் அருகே தாக்குதலில் இறங்கினார்கள், பலிக்கவில்லை. மறுநாள் ஜெர்மானியர் திருப்பி அடித்தபோது ஃப்ரான்லூ கிராமத்தில் ஆர்கைல் படைப்பிரிவின் 7வது பட்டாலியன் சின்னாபின்னமானது. பிறகு லெ ஆவ்ர் துறைமுகத்தை நோக்கிப் பின்வாங்கல். ஒரு பிரிகேட் முன்னால் போய்த் தப்பித்தது. மற்றவர்கள் போவதற்குள் ஜெர்மானியத் தளபதி ரோமெலின் டாங்கிகள் கடற்கரையை எட்டி வழியை அடைத்துவிட்டன.

செயின்ட் வலேரியில் இருபுறமும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, நடுவில் துறைமுகம். பாறையின் மேல் ஜெர்மானியப் பீரங்கி ஏறிவிட்டால் கீழே ஒரு படகு நெருங்க முடியாது. ஏறிவிட்டது. போதாக்குறைக்குக் கடலில் மூடுபனி. பக்கத்து ஊரான வ்யூல்-லெ-ரோஸ் கடற்கரையிலிருந்து மட்டும் சில ஆயிரம் பேரை ஏற்ற முடிந்தது. 12ஆம் தேதி காலை பிரெஞ்சுத் தளபதி முதலில் சரணடைய, டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் விக்டர் ஃபார்ச்சூனுக்கு வேறு வழி இல்லாமல் போனது. ரோமெலும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது.

பிரான்சைப் போரில் பிடித்துவைக்க சர்ச்சில் இந்த டிவிஷனை வேண்டுமென்றே பலி கொடுத்தார் என்று இங்கே இன்றும் மனசார நம்புகிறவர்கள் உண்டு. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. பின்வாங்க உத்தரவு தாமதமாக வந்ததற்கு அரசியல் காரணம் உண்டு, சரி. ஆனால் மீட்பதற்கென்று இருநூறுக்கும் மேற்பட்ட கப்பல்களையும் படகுகளையும் கடற்படை திரட்டியும் வைத்திருந்தது. துரோகம் என்பதைவிட இழுபறியும் பனியும் என்றுதான் நான் சொல்வேன்.

கைதிகள் வடக்கு பிரான்ஸ், பெல்ஜியம் வழியாக நடத்தியே கொண்டுபோகப்பட்டார்கள். பலரும் போய்ச் சேர்ந்தது போலந்துப் பக்கத்து முகாம்களில். பண்ணை வேலை, சுரங்க வேலை. 1945 ஜனவரியில் ரஷ்யர்கள் நெருங்கியதும் கொட்டும் பனியில் மறுபடியும் மேற்கே நடை. ஃபார்ச்சூனுக்கு முகாமில் பக்கவாதம் வந்தது, ஊருக்கு அனுப்புகிறோம் என்றார்கள், தன் ஆட்களை விட்டுப் போகமாட்டேன் என்று இருந்துவிட்டார். விடுதலையாகி நான்கு வருஷத்தில், 1949இல் இறந்தார். தோற்ற தளபதி என்று அவரைக் கடந்துபோகிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இவர்கள் தங்களுக்கென்று ஒரு நினைவுச்சின்னத்தைத் தாங்களே செய்துகொண்டார்கள். அது கல் இல்லை, ஆட்டம். பவேரியாவில் லாஃபென் அதிகாரிகள் முகாமில் ஜிம்மி அட்கின்சன் என்ற லெப்டினன்ட் சகாக்களோடு சேர்ந்து ரீல் என்ற ஸ்காட்லாந்து வகைக் கூட்டு நடனம் ஒன்றை அமைத்தார். பெண்களே இல்லாத இடம், ஆணும் ஆணுமாகத்தான் ஆடினார்கள். நடுவில் ஆடுபவர்கள் கைகோர்த்து ஒரு மூலைவிட்டமாக நிற்பார்கள், அடுத்து மற்ற மூலைவிட்டம். இரண்டும் சேர்ந்தால் ஸ்காட்லாந்துக் கொடியில் உள்ள புனித ஆண்ட்ரூவின் பெருக்கல்குறிச் சிலுவை. முதலில் செயின்ட் வலேரி என்று பெயர் இருந்தது, பிறகு 51வது டிவிஷனின் ரீல் ஆனது. ஆட்டக் குறிப்பைக் கடிதத்தில் ஊருக்கு அனுப்பியபோது ஜெர்மானியத் தணிக்கைக்காரர்கள் சங்கேதமோ என்று மண்டையை உடைத்துக்கொண்டதாக ஒரு கதை சொல்வார்கள். மெய்யோ பொய்யோ, கேட்க நன்றாக இருக்கிறது.

இன்றும் இங்கே கல்யாண வரவேற்புகளில் இதை ஆடுகிறார்கள். போரை நினைத்து ஆட்டமா என்று முகம் சுளித்த நண்பர் ஒருவர் உண்டு. சாவு வீட்டில் பறை கேட்டு ஆடிய ஊரிலிருந்து வந்தவன் நான், எனக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை. எனக்கு உறுத்துவது வேறு: ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது எங்கே பிறந்தது என்று தெரியாது.

டிவிஷனைத் திரும்பக் கட்டி எழுப்பினார்கள், அது எகிப்தின் எல் அலமெயினில் சண்டை போட்டது. 1944 செப்டம்பரில் அதே செயின்ட் வலேரியை மீட்டபோது தலைமை தாங்கியவர் டாம் ரென்னி, 1940இல் அங்கே பிடிபட்டுத் தப்பி ஓடிவந்தவர். பட்டாலியன்களை முடிந்தவரை நான்கு வருஷத்துக்கு முந்தைய இடங்களிலேயே நிறுத்தி, ஸ்காட்லாந்தின் பேக்பைப் இசைக்க வைத்தார். ஜெர்மனியில் ரைன் நதியைக் கடக்கும்போது 1945 மார்ச்சில் அவரும் கொல்லப்பட்டார். அவருக்குக் கல்லில் இடம் கிடைத்துவிட்டது.

நவம்பரில் பெயர் வாசிக்கும் ஊர்கள் ஜூன் 12 அன்றும் ஒருமுறை கூடி, தங்கள் ஊரிலிருந்து கைதியாகப் போனவர்களின் பெயர்களை வாசிக்கட்டும் என்பதுதான் என் கோரிக்கை. பட்டியல் தயாரிப்பது பெரிய வேலை இல்லை. இன்னும் பல வீட்டுப் பரண்களில் முகாமிலிருந்து வந்த கடிதங்கள் கிடக்கின்றன.