கண்ணைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

போன மாதம் டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பித்தேன். வயது 65. இனி ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை. ஆனால் போன தடவை எப்படிப் புதுப்பித்தேன் என்பதை எழுதியே ஆக வேண்டும். நம் ராமநாதபுரம் பக்கத்தில் நிறையப் பேர் இன்னும் அப்படித்தான் செய்கிறோம்.

நாற்பது வயதைத் தாண்டினால் புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். படிவம் 1ஏ என்பார்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் அதற்காக ஒரு கிளினிக்குக்குப் போனேன். "சுகர், பிரஷர் இருக்கா சார்?" என்று கேட்டார் டாக்டர். "இல்லைங்க" என்றேன். கையெழுத்து, சீல், அவ்வளவுதான். என் கண்ணை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. வேலை சட்டென்று முடிந்ததே என்று நானும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன வருடம் மண்டபம் ஊரில் ஒரு கல்யாணம் முடிந்து இரவு உச்சிப்புளிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மோட்டார் சைக்கிளில் பின்னால் மனைவி. எதிரே ராமேஸ்வரம் போகிற டூரிஸ்ட் பஸ் ஒன்று வந்தது. அதன் லைட் பட்டதும் எனக்கு ரோடே இல்லை, எல்லாம் வெள்ளை. விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரிக் கதிர்கள். "ஏங்க, ஆளு!" என்று மனைவி தோளைப் பிடித்து இழுத்தபோதுதான் பிரேக்கை அமுக்கினேன். ஒரு முழத் தூரத்தில் ஒரு பெரியவர், சைக்கிளில் வலை மூட்டையைக் கட்டித் தள்ளிக்கொண்டு போகிறார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கை நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் ஆயிற்று. மிச்ச தூரத்தை வண்டியை உருட்டாத குறையாக ஓட்டி வந்தேன்.

அப்புறம்தான் அந்தப் படிவத்தை எடுத்து முழுசாகப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பாடம் நடத்தியவன், கையெழுத்து வாங்கிய காகிதத்தைப் படிக்கவில்லை. அதில் டாக்டரிடம் தெளிவாகக் கேட்டிருக்கிறார்கள்: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் கார் நம்பர் பிளேட்டை இவரால் படிக்க முடிகிறதா? மாலைக்கண் இருக்கிறதா? ஹாரன் சத்தம் கேட்காத அளவுக்குக் காது மந்தமா? ஒவ்வொன்றும் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, வீடு கட்டும்போது வாங்கிய 15 மீட்டர் டேப்பை எடுத்துத் தெருவில் இரண்டு தடவை வைத்து 25 மீட்டர் அளந்தோம். எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் கார் நின்றது. டி.என். 65 என்று சொல்லிவிட்டேன். அது பழக்கத்தில் வருவது, நம் மாவட்ட வண்டியில் வேறென்ன இருக்கும்? பின்னால் இருந்த நான்கு எண்ணில்தான் விஷயம். நான் 3 என்றதை மனைவி 8 என்றார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் நான்குமே புகை.

இரண்டு கண்ணிலும் புரை, வலதில் முற்றியது. மதுரையில் ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள். சில வாரம் சொட்டு மருந்து. இப்போது எதிர்வீட்டுக் காரின் எண்ணை வாசலிலிருந்தே படிக்கிறேன். இந்தத் தடவை சர்டிபிகேட் கொடுத்த டாக்டரிடம் "என்னைச் சோதித்துவிட்டுப் போடுங்கள்" என்று கேட்டுத்தான் வாங்கினேன். ஆன்லைனில் ஓ.டி.பி. பழைய நம்பருக்குப் போனது, அதை மாற்ற அலைந்தது எல்லாம் சின்ன விஷயம்.

வயதானவர்கள் வண்டியை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விட்டுவிடுங்கள் என்றுதான் என் மகன் சொல்கிறான், எனக்குக் கோபம் வருகிறது. கடைசி பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லாத ஊர்கள் இந்தக் கரை முழுக்க இருக்கின்றன. மீன் எடுக்க, மாத்திரை வாங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு எக்ஸ்எல் மொபெட் இல்லாமல் முடியாது. ஆனால் இங்கே ரோடு எப்படி? இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், அதற்குள்ளிருந்து திடீரென்று ஆடு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணல் பறக்கும், பாம்பன் பாலத்தில் வண்டியே ஆடும். இதில் கண்ணும் மங்கினால் என்ன மிஞ்சும்?

55 வயதுக்கு மேல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்வது நம்மைத் தொந்தரவு செய்வதற்கில்லை, கண்ணையும் காதையும் ஒருதடவை பார்க்கத்தான். பார்க்காமல் சீல் குத்துகிற டாக்டரும், அவரைத் தேடிப் போகிற நாமும் சேர்ந்து அதைக் கெடுக்கிறோம். மண்டபம், ஏர்வாடி, சாயல்குடி, தொண்டி என்று கண் சிகிச்சை முகாம் நடக்கிற நாளிலேயே லைசென்ஸ் புதுப்பிக்கும் வேலையையும் அங்கேயே வைத்தால் எவ்வளவு பேருக்குக் கண்ணும் கிடைக்கும், காகிதமும் கிடைக்கும்! மாவட்ட நிர்வாகம் இதைச் செய்ய வேண்டும்.

ஒன்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் முடிவதற்கு ஒரு வருடம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன், 68 வயது, எக்ஸ்எல்லில் ஐஸ் பெட்டி கட்டி மீன் விற்கிறார். லைசென்ஸ் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. "கடல்ல நாப்பது வருசம் திசை பார்த்த கண்ணு வாத்தியாரே, இதுக்கு என்ன கொறச்சல்?" என்றார். அவரையும் டேப் பிடித்து நிறுத்தினேன். முதல் எண்ணிலேயே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. வருகிற திங்கட்கிழமை அவரை ராமநாதபுரம் ஜி.எச். கண் பிரிவுக்கு என் வண்டியில்தான் கூட்டிப்போகிறேன்.