பெர்சனல் டிரெய்னர் கையில் ஒரு நோட்டு இருக்க வேண்டும்

தெருவுக்குத் தெரு ஜிம் வந்துவிட்டது, நல்ல விஷயம். மாதக் கட்டணத்துக்கு மேல் தனியாகப் பணம் கட்டி பெர்சனல் டிரெய்னர் வைத்துக்கொள்பவர்களும் பெருகிவிட்டார்கள். ஆனால் நான் போன ஜிம்களில் அடிக்கடி காதில் விழும் ஒரு கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது: "அக்கா, போன தடவை எத்தனை கிலோ போட்டோம்?"

கேட்பவர் டிரெய்னர். பதில் அவரிடம்தானே இருக்க வேண்டும்? தையல்காரர்கூட அளவு நோட்டு வைத்திருக்கிறார்.

உடம்பு பழகிப்போனதற்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போவதுதான் எடைப் பயிற்சியின் அடிப்படை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காயம்பட்ட வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், 1945-ல் இதை ஒரு முறையாகவே எழுதி வெளியிட்டார். ஒருவரால் 10 முறை மட்டும் தூக்க முடிகிற எடை எது என்று கண்டுபிடிப்பார். பலம் கூடக் கூட அந்த எடையும் ஏறும். பிற்பாடு அது மூன்று செட்டாக, அதாவது மூன்று சுற்றாக, ஆனது: முதல் செட்டில் அந்த எடையில் பாதி, அடுத்ததில் முக்கால், கடைசியில் முழுசு. அந்த எடையையே எழுதி வைக்காவிட்டால் பாதி எது, முக்கால் எது?

பெரிதாக எதுவும் எழுத வேண்டாம். "கோப்ளட் ஸ்குவாட், 12 கிலோ: 10, 10, 8. கடைசி செட்டில் இடது முட்டியில் லேசான வலி. ராத்திரி தூக்கம் சரியில்லை." இவ்வளவுதான். அதாவது, எடையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தது, மூன்று செட்டில் முறையே 10, 10, 8 தடவை. இதைப் பார்த்தால் அடுத்த வகுப்பில் என்ன செய்வது என்று தெரிந்துவிடும். எடையை ஏற்றாமல் அதே 12 கிலோவில் மூன்று செட்டும் பத்து வருகிறதா என்று பார்க்கலாம். முட்டி வலி திரும்பவும் வந்தால், முந்தின பக்கங்களைப் புரட்டலாம். லஞ்சஸ் (ஒரு காலை முன்னால் வைத்து முட்டியை மடக்கும் பயிற்சி) செய்த மறுநாள்தான் வருகிறது என்பதுபோல் ஏதாவது பிடிபடும். ஞாபகத்தை மட்டும் நம்பினால் இது பிடிபடவே பிடிபடாது.

ஐம்பது வயதுக்கு மேல் சேருகிறவர்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இதயத்துடிப்பு மற்றவர்களுக்கு ஏறுகிற அளவுக்கு ஏறாது. டிரெட்மில் திரையில் தெரியும் எண்ணை நம்பி "இன்னும் வேகமா, சார்" என்று விரட்டுவது ஆபத்து. இன்சுலின் போடுகிறவருக்குப் பயிற்சியின்போதோ அதற்குப் பிறகோ சர்க்கரை தடாலென இறங்கலாம். எந்த மருந்து, கடைசியாக எப்போது சாப்பிட்டார், எப்போது தலை சுற்றியது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். சேரும் நாளில் ஒரு ஃபார்ம் நிரப்பி மேஜை டிராயரில் போட்டுவிட்டால் போதாது.

அப்புறம், எடை மெஷின். இரண்டு மாதம் ஆகியும் முள் நகரவில்லை என்று எத்தனை பேர் மனசு விட்டு நின்றுவிடுகிறார்கள்! ஆரம்ப வாரங்களில் கண்ணாடியில் எதுவும் தெரியாதபோதே பலம் கூடிவிடும். தசை பெரிதாவதற்கு முன்பே நரம்புகள் அதை நன்றாக வேலை வாங்கப் பழகிவிடுகின்றன. 5 கிலோ டம்பெலில் தொடங்கிய அம்மா இன்றைக்கு 10 கிலோவில் நிற்கிறார் என்பதைத் தேதியோடு காட்டினால், அவர் நாளைக்கும் வருவார்.

"எல்லாம் மண்டையில இருக்கு, சார்" என்பார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து, ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்பி, நாள் முழுக்க வரிசையாக ஆட்களைப் பார்க்கிறவர் மண்டையில் எவ்வளவுதான் நிற்கும்? அவர்களைக் குறை சொல்லி மட்டும் பயனில்லை. இரண்டு வகுப்புகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டியது ஜிம் முதலாளியின் பொறுப்பு.

டிரெய்னர்கள் வேலை மாறிக்கொண்டே இருக்கிறார்கள். புதியவர் வந்ததும் மறுபடி முதலிலிருந்து, மறுபடி அதே முட்டி வலி. அதனால் நோட்டில் ஒரு பிரதி பணம் கட்டுகிறவர் கையிலும் இருக்கட்டும். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பச் சொல்லுங்கள். சேரும்போதே, பணம் கட்டுவதற்கு முன்பே, இதைக் கேட்டுவிடுங்கள்.