தலைப்புப் பட்டை நம்முடையது இல்லை

ஜூன் 14 நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, விசைப்படகுகள் முதல் தடவை கடலுக்குப் போய்த் திரும்பிய காலை. பாம்பன் தெற்குவாடியில் ஒரு நண்டுக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே ஓடுவது நான் பைத்தான் நிரல்மொழியில் எழுதிக் கொடுத்த எடைக் கணக்கு ஸ்கிரிப்ட், ஒரு சின்ன புரோகிராம். கூடைமேல் கூடையாக வந்து இறங்குகிறது. தராசில் நிற்பவர் சத்தமாக எடை சொல்கிறார், கணக்குப்பிள்ளை அண்ணன் தட்டிக்கொண்டே இருக்கிறார். நடுவில் நிமிர்ந்து, "தம்பி, இது நகரவே மாட்டேங்குது. பின்னாடி இருக்கிற பில்லை நான் எப்படிப் பார்க்குறது?" என்று கேட்டார்.

நகராதுதான். நகராதபடி செய்தவன் நான்.

ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடையில் வள்ளத்து நண்டு மட்டும் கொஞ்சமாக வந்துகொண்டிருந்த நேரத்தில் அதை எழுதினேன். ஒரு கூடைக்கும் அடுத்த கூடைக்கும் நடுவில் டீ குடித்துவிட்டு வரலாம். அந்த நிதானத்தில் உட்கார்ந்து, பைத்தானில் விண்டோ வரைய உதவும் டிகிண்டரில் எனக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் அந்த ஒரு விண்டோவில் இறக்கினேன். ஓவர்ரைட்ரீடைரக்ட் என்ற கட்டளை போட்டு, விண்டோவின் உச்சியில் பெயரும் பொத்தான்களும் இருக்கும் தலைப்புப் பட்டையை எடுத்தேன். பார்க்க வழவழவென்று இருந்தது. ஆனால் அந்தப் பட்டை போனால் பிடித்து நகர்த்த இடமில்லை, சுருக்கும் பொத்தான் இல்லை, மூடும் பொத்தான் இல்லை, விண்டோஸில் கீழே டாஸ்க்பாரிலும் அது தெரியாது. அதோடு டாப்மோஸ்ட் வேறு: எதைத் திறந்தாலும் என் விண்டோதான் மேலே நிற்கும். விண்டோ எவ்வளவு ஊடுருவித் தெரியும் என்பதைச் சொல்லும் ஆல்ஃபாவை 0.8 வைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தேன். கடல் வெளிச்சம் வாசல் வழியாக நேரே திரையில் அடிக்கிற கடை அது. என் எண்களும் அடியில் இருந்த பில் எண்களும் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தன.

தலைப்புப் பட்டை ஸ்கிரிப்ட் எழுதுபவருடைய சொத்து இல்லை என்பதுதான் என் கருத்து. ஐம்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் பழகிய ஒருவர், மூலையில் இருக்கும் அந்த மூன்று பொத்தான்களை நம்பித்தான் எந்தப் புது மென்பொருளையும் தொடுகிறார். அழகுக்காக அதைப் பிடுங்கினால், அவருக்குத் தெரிந்த ஒரே வழியை அடைக்கிறோம். தொடங்கும்போது மின்னி மறைகிற படத்துக்கு அது வேண்டாம், சரி. நாள் முழுக்க வேலை செய்கிற விண்டோவுக்குக் கட்டாயம் வேண்டும்.

டாப்மோஸ்ட் அப்படி மோசமில்லை. வேறு மென்பொருளில் தட்டிக்கொண்டே எடையைப் பார்க்க அது உண்மையிலேயே உதவும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் நாற்காலியில் இருப்பவர். "மேலேயே நிற்கட்டும்" என்று ஒரு டிக் பெட்டி வைத்தேன். இரண்டு வரி வேலை.

இதைவிடப் பெரிய தொல்லை ஃபோகஸ், அதாவது தட்டுவது எந்த விண்டோவில் விழும் என்பது. எடை அளவு தாண்டினால் எச்சரிக்கை விண்டோ குதித்து வந்து ஃபோகஸைப் பிடுங்கும்படி எழுதியிருந்தேன். அண்ணன் திரையைப் பார்த்துத் தட்டுகிறவர் இல்லை, அவர் கண் தராசில். அடித்த என்டர் எச்சரிக்கையின் 'சரி' மேல் விழுந்து அது மூடிவிடும், எடை எங்கும் பதிவாகாது. ஒரு கூடை போனால் அது யாரோ ஒரு மீனவருடைய கூலி. ஒரு புரோகிராம் தானாக முன்னால் வந்து நிற்பதை விண்டோஸே பல நேரங்களில் தடுத்து, டாஸ்க்பாரில் மின்ன மட்டும் விடுகிறது. அந்த மரியாதையாவது நமக்கு வேண்டாமா? இப்போது எச்சரிக்கை அதே விண்டோவில், எடைக் கட்டத்துக்குக் கீழே சிவப்பு வரியாக வருகிறது. எதுவும் குதிப்பதில்லை.

மூடும் பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்காதபடி எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தவறுதலாக மூடிவிடுவார்களாம். மூடும் பொத்தானை அழுத்தியதை ஸ்கிரிப்டுக்குச் சொல்லும் டபிள்யூஎம் டெலீட் விண்டோவைப் பிடிப்பது, பதியாதது இருந்தால் கேட்டுவிட்டு மூடுவதற்கு. அப்புறம், கரண்ட் போகும்போது யாரும் மூடும் பொத்தானை அழுத்துவதில்லை. ஒவ்வொரு என்டருக்கும் டிஸ்கில் எழுதிவிட்டால் மூடுவதைப் பற்றி இவ்வளவு பயமே வேண்டாம்.

புரோகிராமைச் சில நொடி தூங்க வைக்கும் டைம் ஸ்லீப் போட்டு விண்டோவை உறைய வைப்பதும் வேண்டாம். சுமார் 5 நொடி பதில் இல்லையென்றால் விண்டோஸ் அதைச் செத்ததாகக் காட்டும், பதறிப்போய் மூடிவிடுவார்கள். விண்டோவை உறைய வைக்காமல் ஒரு வேலையைக் கொஞ்சம் கழித்துச் செய்ய டிகிண்டரில் ஆஃப்டர் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

விண்டோ கடைசியாக இருந்த இடத்தை நினைவில் வைப்பதும் நல்ல பழக்கம்தான். அதிலும் ஒரு நாள் மாட்டினோம். முதலாளி லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் டிவியில் இணைத்து, விண்டோவை டிவி பக்கம் தள்ளிக் கணக்குப் பார்த்துவிட்டு மூடியிருக்கிறார். மறுநாள் கடையில் திறந்தால் விண்டோவே காணோம். இல்லாத டிவியின் இடத்தில் போய்த் திறந்துகொண்டு நின்றது. சேமித்த இடம் இப்போதுள்ள திரைக்குள் அடங்குகிறதா என்று திரை அகலத்தைக் கேட்டுவிட்டுத்தான் இப்போது வைக்கிறேன்.

நேற்று கடைக்குப் போனேன். அண்ணன் விண்டோவைக் கையளவுக்குச் சுருக்கி, இடது கீழ் மூலையில், பில்லை ஒட்டினாற்போல் வைத்திருந்தார். நான் முதலில் அசையாமல் நிறுத்தி வைத்திருந்தது வலது மேல் மூலையில்.