உயிர்மெய் அட்டவணையில் ஒரு வண்டு

எங்கள் ஒன்றாம் வகுப்பில் பீ-பாட் என்ற சின்ன ரோபோ ஒன்று இருக்கிறது. மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு, முதுகில் அம்புக்குறிப் பொத்தான்கள். முன், பின், இடம், வலம் என்று வரிசையாக அழுத்தி வைத்துவிட்டு நடுப் பொத்தானைத் தட்டினால், சொன்னதைச் சொன்னபடி செய்யும். ஒரு தடவை முன்னால் போனால் 15 செ.மீ. திரும்பினால் 90 டிகிரி. திரை கிடையாது. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் வண்டு.

புதுச்சேரியில் இப்போது ஆறு வயதுப் பிள்ளைக்குக் 'கோடிங் வகுப்பு' என்று தனிக் கட்டணம் கேட்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்த வகை ரோபோக்களின் மூதாதை லோகோ என்ற கணினி மொழியும், அதன் கட்டளைப்படி தரையில் ஊர்ந்த 'ஆமை' என்ற ரோபோவும்தான். 1967-இல் லோகோவை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், அதற்கு முன் ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் பியாஜேவோடு வேலை செய்து, குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதைக் கவனித்தவர். புரோகிராமர்களைத் தயார் செய்வது அவர் நோக்கம் இல்லை. குழந்தை தன்னை ஆமையின் இடத்தில் வைத்து, தன் உடம்பாலேயே கணிதத்தை உணர வேண்டும் என்று விரும்பினார். நானும் வண்டைக் கணக்குக்கும் எழுத்துக்கும்தான் பயன்படுத்துகிறேன்.

கணக்கில் பல வருடமாக நான் பார்த்து வந்த ஒரு தவறு உண்டு. 3-உடன் 4-ஐக் கூட்டச் சொன்னால் சில பிள்ளைகள் 6 என்பார்கள். நிற்கிற 3-ஐயே 'ஒண்ணு' என்று எண்ணித் தொடங்குவதால் வருவது. கரும்பலகையில் எத்தனை முறை திருத்தினாலும் மறுநாள் திரும்பி வரும். இப்போது தரையில் எண்கோடு வரைந்து வண்டை 3-இல் நிறுத்துகிறேன். நான்கு முறை முன்னால் போனால் எங்கே நிற்கும் என்று ஒவ்வொருவரும் புளியங்கொட்டை வைக்க வேண்டும். ஒரு பெண் 6-இல் வைத்தாள். வண்டு அதைத் தாண்டி 7-இல் போய் நின்றது. அவள் எதுவும் பேசவில்லை. வண்டைத் தூக்கி மறுபடி 3-இல் வைத்தாள், விரலால் தரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள், "மிஸ், நிக்கிற கட்டம் கணக்குல வராது" என்றாள். இதே பெண் பரமபதம் ஆடும்போது ஒருநாளும் இந்தத் தவறைச் செய்வதில்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத்தான் வண்டு நோட்டுக் கணக்கோடு சேர்த்துவிட்டது.

ரோபோ எதற்கு, ஒரு பிள்ளையையே ரோபோவாக நடக்கச் சொன்னால் போதாதா என்று சக ஆசிரியர் கேட்டார். அதையும் செய்கிறோம், முதல் வாரம் முழுக்க அதுதான். ஆனால் ரோபோவாக நடிக்கிற பிள்ளைக்குப் போக வேண்டிய இடம் தெரியும். நண்பன் தப்பாகச் சொன்னாலும் பாசத்தில் சரியான கட்டத்துக்கே போய் நின்றுவிடும். வண்டுக்கு அந்தப் பாசம் இல்லை. வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால் நின்ற இடத்திலேயே திரும்பும், பக்கத்துக் கட்டத்துக்குப் போகாது. இதில் எல்லோரும் குழம்பினார்கள். ஆட்டோ ஓட்டுகிறவரின் மகன்தான் விளக்கினான்: "நேரு வீதியிலேருந்து மிஷன் வீதிக்குப் போற மாதிரிடா. முதல்ல திரும்பணும், அப்புறம்தான் போகணும்." குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டது போன்ற தெருக்கள் உள்ள ஊரில் வளர்கிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

எனக்கு மிகவும் பிடித்தது எழுத்துப் பாடம். வண்டுக்கென்று விற்கிற விரிப்புகளில் ஏ, பி, சி, டி இருக்கும். நம் உயிர்மெய் அட்டவணையோ தானாகவே ஒரு கட்டம். பழைய ஃப்ளெக்ஸ் பேனரைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் 15 செ.மீ. கட்டங்கள் வரைந்தேன். மேலிருந்து கீழே க, ச, ட, த, ப, ற. இடமிருந்து வலமாக அ முதல் ஊ வரை. வண்டு பக்கவாட்டில் நகர்ந்தால் உயிர் மாறும், மேலும் கீழும் நகர்ந்தால் மெய் மாறும். 'படி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பார்த்தபடி 'ப'வில் நிற்கிற வண்டுக்கு முன்னால் இரண்டு, வலம் ஒன்று, மறுபடி முன்னால் இரண்டு. ப, த, ட, டா, டி. ஒவ்வொரு கட்டத்தையும் தாண்டும்போது பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டே வாரத்தில் 'ட்' மாறாமல் அதன்மேல் ஏறுகிற ஒலி மட்டும் மாறுவதைச் சிலர் தாங்களாகவே சொன்னார்கள்.

எழுத்தின் ஒலியை வைத்துப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற ஆங்கில ஃபோனிக்ஸுக்கும் இதுவே வழி என்று நினைக்கிறேன். பீ, ஐ, என் என்று எழுத்தின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை அதைச் சேர்த்துப் படிக்கத் திணறுகிறது. ப், இ, ன் என்று ஒலியாகச் சொன்னால் 'பின்' வந்துவிடுகிறது. ப்-உம் இ-யும் சேர்ந்தால் பி என்பது தமிழில் ஏற்கெனவே தெரிந்த சங்கதி. தமிழை ஓரமாக வைத்துவிட்டு ஃபோனிக்ஸை எங்கிருந்தோ வந்த புது வித்தையாகச் சொல்லிக்கொடுப்பதுதான் எனக்கு வருத்தம்.

வண்டால் ஆகாததும் உண்டு. கல், பகல், தங்கம் மூன்றிலும் 'க' ஒரே மாதிரி ஒலிக்காது. அதைக் கட்டம் காட்டாது, ஆசிரியர் வாய்தான் காட்ட வேண்டும். முப்பது பேர் சுற்றி நின்று ஒருவர் பொத்தானை அழுத்துவதிலும் பயனில்லை. நான் ஐந்து பேராகத்தான் உட்கார வைக்கிறேன், மற்றவர்களுக்கு அந்த நேரம் வேறு வேலை. ஒரு பள்ளிக்கு ஒன்றிரண்டு வண்டுகள் போதும். அவை அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வர வேண்டும், கட்டணம் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகளோடு நின்றுவிடக் கூடாது.

அடுத்து 216 எழுத்துக்கும் விரிப்பு செய்யப்போகிறேன். 18 வரிசை, 12 பத்தி; கணக்குப் போட்டால் ஒன்பதடிக்கு ஆறடி வேண்டும். முத்தியால்பேட்டைப் பக்கம் யார் வீட்டிலாவது விசேஷத்துக்கு வைத்த அந்த அளவு பேனர் கிழியாமல் இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.