ஆழ்கடலின் அடியை முதலில் தொட்டவர் ஜேம்ஸ் கேமரூனா?

"கடலின் மிக ஆழமான இடத்துக்குப் போன முதல் மனிதர் சினிமா இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன்" என்று ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. 2012-ல் தனியாக இறங்கிய முதல் ஆள் அவர், அவ்வளவுதான்.

1960 ஜனவரி 23 அன்றே அமெரிக்கக் கடற்படை லெப்டினன்ட் டான் வால்ஷும் சுவிட்சர்லாந்தின் ஜாக் பிக்கார்டும் 'ட்ரியெஸ்ட்' என்ற ஆழ்கடல் கலத்தில் பசிபிக் பெருங்கடலின் மரியானா அகழியில் உள்ள, கடலின் மிக ஆழமான இடமான சேலஞ்சர் பள்ளத்தைத் தொட்டுவிட்டார்கள். இறங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 9,000 மீட்டரைத் தாண்டியபோது நுழைவுக் குழாயின் ஜன்னல் படீரென விரிசல் விட, கலமே அதிர்ந்தது. அப்படியும் அவர்கள் திரும்பவில்லை. எப்பேர்ப்பட்ட துணிச்சல்!

இன்னொன்று: அப்போது வால்ஷ் கடலியல் விஞ்ஞானி அல்ல, நீர்மூழ்கிக் கப்பல் அதிகாரி. டெக்சாஸில் கடலியல் முனைவர் பட்டம் வாங்கியது 1968-ல். கேப்டனாக ஓய்வு பெற்றது 1975-ல். கேமரூன் இறங்கியபோது ஆய்வுக் கப்பலில் வால்ஷும் உடனிருந்தார்.